மாப்பிள்ளையின் பிஸ்டன்

துப்பாக்கி மறுபடியும் மாட்டிக்கொண்டது.

ஸ்லைடு பாதி வழியில் நின்றது. சுட்டு முடிந்த தோட்டாவின் காலிக் கூடு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. விடைபெற்றுக்கொண்ட பிறகும் வாசலில் நின்று பேசுகிற விருந்தாளி மாதிரி தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"நின்னுடுச்சு," என்றார் ஃபிட்டர். குரலில் வருத்தம் இல்லை. வெளியே தூறுகிறது என்று சொல்கிற குரல்.

"தெரியுது," என்றார் மாப்பிள்ளை.

"நேத்து அஞ்சாவது குண்டுல நின்னுச்சு. இப்போ நாலுலயே நின்னுடுச்சு."

"தெரியுதுன்னு சொன்னேன்ல?"

"நீங்க கவனிக்கலையோன்னு சொன்னேன் சார்."

முதலாளியின் மகளைக் கட்டிய நாளிலிருந்து தொழிற்சாலை முழுக்க அவருக்கு மாப்பிள்ளை சார்தான். முதுகுக்குப் பின்னால் காஸ் மாப்பிள்ளை. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அவர் வடிவமைத்த துப்பாக்கி வெடிமருந்தின் காஸில் வேலை செய்வது. இன்னொன்றை அவர் வாயைத் திறந்தால் எவரும் தெரிந்துகொள்ளலாம்.

அது அடிப்படையில் பூட்டுத் தொழிற்சாலை. பின்கட்டில், பழைய கிடங்கின் ஒரு பாதியில், காவல் நிறுவனங்களுக்காகக் கைத்துப்பாக்கி செய்யும் பிரிவு. மாமனார் அதைத் தொடங்கியது துப்பாக்கி மேல் ஆசைப்பட்டு அல்ல. படித்த மாப்பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இப்போது அவர் பிரிவில் உட்கார்ந்திருப்பதையும் பார்க்கச் சகிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை கொள்முதல் குழு வருது மாப்பிள்ளை," என்று மாமனார் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். "குழுத் தலைவி, அந்தம்மா முன்னாடி துப்பாக்கி ஒரு தடவை நின்னாலும் சரி, அன்னைக்கே பிரிவை இழுத்து மூடிடுறேன். நீங்க பூட்டுப் பக்கம் வந்துடுங்க. நாதாங்கி அடிக்கிற இடத்துல ஆள் குறையுது."

"நாதாங்கியா?"

"உங்க மச்சான்தான் அதைப் பார்த்துக்கறான். அவன்கிட்ட கேட்டுக்கிட்டு செய்யுங்க."

நாதாங்கி அடிப்பதுகூடப் பரவாயில்லை. 'அவன்கிட்ட கேட்டுக்கிட்டு' என்றாரே, அதுதான் மாப்பிள்ளைக்கு நெஞ்சில் மாட்டிய காலிக் கூடு.

கேட்டுக்கொள்ள வேண்டிய அந்த ஆள் இப்போது சுடும் அறைக்குள் வந்தான். மாப்பிள்ளையின் மைத்துனன். படிப்பு பாதி. தொப்பை முழுசு. விரலில் ஒரு பூட்டைச் சுழற்றிக்கொண்டே வந்து மேசை மேல் கிடந்த துப்பாக்கியைக் குனிந்து பார்த்தான்.

"என்ன அத்தான், தூங்குதா?"

"சோதனை நடக்குது. வெளிய இரு."

"எதைச் சோதிக்கிறீங்க? எங்க பொறுமையையா?"

ஃபிட்டர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிறார் என்பது தெரியும்படி அடக்கினார்.

கைத்துப்பாக்கியில் இருக்கிற தலைவலி ஒன்றுதான். குண்டு குழலை விட்டு வெளியே போகும்வரை பின்பக்கக் கதவு திறக்கக் கூடாது. போனதும் திறந்தே ஆக வேண்டும். திறந்து, காலிக் கூட்டைத் துப்பிவிட்டு, அடுத்த தோட்டாவை வாங்கிக்கொண்டு மூட வேண்டும். இந்தக் கதவுக்குத்தான் ஸ்லைடு என்று பெயர்.

மைத்துனன் ஒரு காலத்தில் பொழுது போகாமல் ஒரு துப்பாக்கி செய்தான். கதவைக் கனமாகச் செய்தான். முரட்டு ஸ்பிரிங் ஒன்றைப் போட்டான். கனமான கதவு மெதுவாகத்தான் திறக்கும். அவ்வளவுதான் அவன் யோசனை. பார்க்க அம்மிக்கல்லுக்குக் கைப்பிடி வைத்தது போல் இருக்கும். ஆனால் நிற்காது. மாமனாரே அதைப் பார்த்துவிட்டு, "இதை இடுப்புல செருகினா வேட்டி இறங்கிடும்டா," என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மாப்பிள்ளையின் வழி வேறு. குழலில் ஊசிமுனை அளவு ஒரு துளை. வெடித்த காஸில் கொஞ்சம் அதன் வழியாகக் கீழே இருக்கும் சின்ன சிலிண்டருக்குள் இறங்கும். அங்கே ஒரு பிஸ்டன். சுண்டுவிரல் நீளம். அதன் முனை ஸ்லைடின் மூக்கில் மாட்டியிருக்கும். காஸ் பிஸ்டனை முன்னால் தள்ளும். பிஸ்டன் ஸ்லைடைத் திறக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். குண்டு போனதும் காஸ் அடங்கும், பிடி தளரும், கதவு திறக்கும். கனம் வேண்டாம், முரட்டு ஸ்பிரிங் வேண்டாம்.

"உன்னோடது கதவுக்கு அம்மியை முட்டுக்கொடுக்கிற வேலை," என்று மாப்பிள்ளை பலமுறை சொல்லியிருக்கிறார். "என்னோடது, வெடிக்கிற காஸையே கூப்பிட்டு, கொஞ்ச நேரம் கதவைப் பிடிச்சுக்கப்பான்னு சொல்ற வேலை."

"பிடிச்சுக்கச் சொல்றது சரி அத்தான். விடச் சொல்றதுக்கு மறந்துட்டீங்களா?"

கோளாறு அங்கேதான். காஸ் தனியாக வருவதில்லை, கரியோடு வருகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் தலைமுடி நுழையாத இடைவெளி. கரி நுழைந்தது. பிஸ்டன் இறுகியது. கதவு நின்றது.

மாப்பிள்ளை துப்பாக்கியைப் பிரித்தார். பிஸ்டனை மட்டும் அவர்தான் கழற்றுவார், அவர்தான் மாட்டுவார். பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அது சட்டம். ஒரு தடவை ஃபிட்டர் அதை அழுக்குத் துணியால் துடைத்ததற்கு, "இதுல இன்னொரு தடவை உங்க கை பட்டுச்சு, உங்களைப் பூட்டுக்கு மாத்திடுவேன்," என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அதிலிருந்து ஃபிட்டர் பிஸ்டனைக் கண்ணால் பார்ப்பதற்கும் அனுமதி கேட்கிறவர் போல் ஒதுங்கிக்கொள்வார். அவமானத்தை அவர் மறக்கிற ஆள் இல்லை. அதை ஒழுக்கமாக மாற்றிக்கொள்கிற ஆள்.

முதல் வைத்தியம், எண்ணெய். தாராளமாக விட்டால் கரி வழுக்கிக்கொண்டு போகும் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டார். எண்ணெய் சிலிண்டருக்குள் எரிந்து, கரியோடு சேர்ந்து தாராகிவிட்டது. துப்பாக்கி இரண்டாவது குண்டில் நின்றது. பிஸ்டனை வெளியே எடுக்க ஃபிட்டர் சுத்தியல் கொண்டுவந்தார்.

"ரோடு போடலாம் சார் இதை வெச்சு."

அன்று மாலை பிஸ்டனைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார். மனைவியின் சமையலறையில் கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, பிஸ்டனை ஊறப்போட்டார்.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "என்ன இது?"

"பிஸ்டன்."

"என் டம்ளர்ல என்ன பண்ணுது?"

"கரி விடணும். தொழிற்சாலையில வெச்சா உன் தம்பி வந்து நக்கலடிப்பான்."

"இங்க வெச்சா நான் அடிக்க மாட்டேன்னு நெனச்சீங்களா? ஆறு டம்ளர் செட்டு அது. ஒண்ணு போச்சுன்னா மத்த அஞ்சையும் விருந்தாளிக்கு வைக்க முடியாது."

"கழுவித் தர்றேன்."

"போன தடவை கழுவித் தந்ததுல பால் குடிச்சிட்டு நான் ஒரு நாள் பூரா ஸ்டவ் மாதிரி ஏப்பம் விட்டேன்." டம்ளருக்குள் குனிந்து பார்த்தாள். "இந்தச் சனியன் உங்களுக்குப் பொண்டாட்டியா, நான் பொண்டாட்டியா?"

மாப்பிள்ளை டம்ளரைப் பார்த்தார். பதில் சொல்ல யோசித்தது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் இரண்டாவது வைத்தியம். துளை சின்னதாக இருப்பதால்தான் கரி தங்குகிறது. பெரிதாக்கினால் காஸ் வேகமாக வந்து கரியை ஊதித் தள்ளிவிடும். பெரிதாக்கினார். காஸ் வேகமாக வந்தது. வெப்பமும் வந்தது. ஒரு மேகஸின் தோட்டா தீர்வதற்குள் விசைக்கு மேலே இருக்கிற இரும்பு தோசைக்கல்லாகிவிட்டது. ஃபிட்டர் துப்பாக்கியை மேசை மேல் வைக்கவில்லை, போட்டார்.

"விரலு போச்சு சார்."

"கையுறை போட்டுக்க வேண்டியதுதானே?"

"திருடன் வர்றப்ப, கொஞ்சம் இருப்பா, கையுறை எடுத்துட்டு வந்துடறேன்னு சொல்லணுமா?"

மைத்துனன் எங்கிருந்தோ வந்து நின்றான். இந்த மாதிரி நேரங்களில் அவன் எங்கிருந்தோ வந்துவிடுவான். துப்பாக்கி மேல் உள்ளங்கையைத் தூக்கிப் பிடித்துக் குளிர் காய்ந்தான். "நல்லாத்தான் இருக்கு. குளிர்காலத்துல ஓடும்."

"பிஸ்டன் இல்லாத துப்பாக்கியைப் பத்தி உனக்குத் தெரியும். பிஸ்டன் இருக்கறதைப் பத்திப் பேசாதே."

"அந்தக் குச்சி இல்லாட்டி என்னதான் ஆகும் அத்தான்?"

"ஸ்லைடு வர்ற வேகத்துல துப்பாக்கியோட சட்டமே பிளந்துடும். நீ பூட்டுக்குச் சாவி போடு, போ."

மூன்றாவது வைத்தியம், பிஸ்டனைக் கடைந்து ஒல்லியாக்குவது. இடைவெளி அதிகமானால் கரி மாட்டாது. உண்மையிலேயே மாட்டவில்லை. காஸும் பிஸ்டனை மதிக்கவில்லை, பக்கவாட்டில் கிளம்பிப் போய்விட்டது. பிடிக்க ஆள் இல்லாத கதவு அசுர வேகத்தில் திறந்தது. காலிக் கூடு துள்ளி எழுந்து, கூரையில் பட்டு, அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த மாமனாரின் தேநீரில் விழுந்தது.

மாமனார் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"குறி நல்லாத்தான் இருக்கு," என்றார். "வெள்ளிக்கிழமையும் என்னைத்தான் சுடப் போறீங்களா?"

"இல்ல மாமா, அது சின்ன சரிசெய்தல்ல..."

"உங்களுக்குப் பொண்ணைக் கட்டிக்கொடுத்தப்பவும் உங்க அப்பா இதேதான் சொன்னார். பையன் நல்ல பையன், சின்னச் சின்ன சரிசெய்தல்தான் பாக்கின்னு."

தேநீரைச் செடித்தொட்டியில் கொட்டிவிட்டுப் போனார். கூடு தொட்டியிலேயே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை மாப்பிள்ளைக்குப் பொறுமை போயிற்று. ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க நேரமில்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார். ஸ்லைடின் வேகத்தை அடக்க அதற்குள் ஒரு பித்தளைக் கட்டியை வைத்து ஃபிட்டரைப் பற்றவைக்கச் சொன்னார். இருந்த ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு முரட்டு ஸ்பிரிங் தேடினார். அது ஒரே இடத்தில்தான் இருந்தது. மைத்துனனின் அலமாரித் துப்பாக்கியில்.

போய்க் கேட்டார். கேட்பதற்கு முன் பூட்டுப் பிரிவின் வாசலில் இரண்டு தடவை நடந்து போய்த் திரும்பினார்.

"எதுக்கு அத்தான் ஸ்பிரிங்?"

"ஒரு ஒப்பீட்டுக்கு."

"எதோட ஒப்பிடப் போறீங்க?"

"குடுக்கறியா இல்லையா?"

"குடுக்கறேன். உங்க பழைய பிஸ்டனை மட்டும் கேட்காதீங்க, தர முடியாது. நல்ல எஃகு. நாதாங்கி ஆக்கிட்டேன்." மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பூட்டை எடுத்துக் காட்டினான். "பாருங்க. உங்க சரக்குல இதுதான் ஒழுங்கா வேலை செய்யுது."

கடைசியில் புது பிஸ்டன் ஒன்றையும் கடைந்தார். இந்தத் தடவை ஒல்லியாக இல்லை, சிலிண்டரோடு உரசுகிற மாதிரி இறுக்கமாக. இருந்த எஃகெல்லாம் தீர்ந்து போயிருந்தது. அந்த பிஸ்டனுக்கு மாற்று கிடையாது.

பித்தளைக் கட்டி, முரட்டு ஸ்பிரிங், பெரிய துளை, இறுக்கமான பிஸ்டன். நான்கும் சேர்ந்து கதவைப் பிடித்துக்கொண்டன. சுட்டார். ஸ்லைடு லேசாக அசைந்து, மனசு மாறி, மூடிக்கொண்டது. காலிக் கூடு உள்ளேயே இருந்தது. கையால் இழுத்து எடுத்துவிட்டு மறுபடி சுட்டார். மறுபடி அதே.

"முன்னாடி அப்பப்போ நின்னுச்சு," என்றார் ஃபிட்டர். "இப்போ கிளம்பவே இல்லை."

"பித்தளையைக் கழட்டுங்க."

"பத்தவெச்சாச்சே சார். இனி ஸ்லைடை உருக்கினாத்தான் கழலும்."

மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்தார். சுவரில் சுட்டுச் சுட்டுப் பஞ்சாய்ப் போன இலக்கு அட்டை தொங்கியது. அதில் ஓட்டைகள் அத்தனையும் நடுவில்தான் இருந்தன. இந்தத் துப்பாக்கி சுட்டால் குறி தப்பாது. சுட்டால்.

"மண்ணெண்ணெயில நல்லா ஊறி, நாளைக்கு ஒரு மெருகு போட்டா வழுக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிஸ்டனைக் கைக்குட்டையில் சுற்றினார். "காலையில சீக்கிரம் வந்துடறேன். மத்ததெல்லாம் துடைச்சுத் தயாரா வைங்க."

"சரி சார்."

வீட்டில் மறுபடியும் அதே டம்ளர். மறுபடியும் அதே மூக்கு.

"நாளையோட முடிஞ்சுடும்," என்றார்.

"துப்பாக்கியா, நீங்களா?"

"ரெண்டும்."

அவர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. அவள் டம்ளரைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. ஒரு தட்டை எடுத்து அதை மூடி, அடுப்பிலிருந்து தள்ளி, ஜன்னல் ஓரமாக வைத்தாள்.

"என் தம்பிகிட்ட வேலை பார்க்கறது அவ்வளவு கேவலமா?"

"அவன் என்னைத் தினமும் 'வாங்க அத்தான்'னு கூப்பிட்டு நாற்காலி போடுவான். நினைச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். சிரித்ததற்குப் பரிகாரமாக அவருடைய நல்ல சட்டையைத் தேய்த்து வைத்தாள்.

காலையில் அந்தச் சட்டையின் காலர் பட்டன் அறுந்தது. அவள் ஊசியும் நூலுமாக அவர் கழுத்தடியில் நின்றுகொண்டிருக்கும்போதே வாசலில் மாமனாரின் கார் ஹாரன் அடித்தது. விட்டு விட்டு அல்ல. கையை எடுக்காமல்.

"குழு வந்துடுச்சு மாப்பிள்ளை. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே அந்தம்மா வந்து உட்கார்ந்திருக்கு. ஏறுங்க."

"மாமா, ஒரு நிமிஷம்..."

"உங்க நிமிஷத்தையெல்லாம் நான் பார்த்துட்டேன். ஏறுங்க."

கழுத்தில் நூல் தொங்க ஏறினார். வழி முழுக்க மாமனார் பேசினார். பூட்டுப் பிரிவில் எந்த மூலையில் வெளிச்சம் வரும், எந்த நாற்காலிக்குக் கால் ஆடும் என்பதையெல்லாம் விளக்கமாகச் சொன்னார். மாப்பிள்ளை வேறு எதுவும் நினைவில்லாமல் கேட்டுக்கொண்டே வந்தார். கால் ஆடுகிற நாற்காலி எதுவென்று ஒரு தடவை திருப்பிக் கேட்டார்.

சுடும் அறையில் ஏற்கனவே எல்லாரும் இருந்தார்கள். குழுத் தலைவி ஒல்லியானவர், நரைத்தவர், கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் தூங்கினார், இன்னொருவர் அதைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் மைத்துனன், கைகளைக் கட்டிக்கொண்டு. துப்பாக்கி, பாகங்களைப் பூட்டி, பளபளவென்று, தலைவியின் கையில் இருந்தது.

மாப்பிள்ளை ஃபிட்டரிடம் குனிந்தார். "யார் குடுக்கச் சொன்னது?"

"முதலாளி போன்ல சொன்னார். பூட்டிக் குடுன்னார், பூட்டிக் குடுத்துட்டேன்."

"ஒழுங்காப் பூட்டினீங்களா?"

"எல்லாம் நீங்க சொல்லிவெச்சபடிதான் சார்," என்றார் ஃபிட்டர், எங்கோ பார்த்துக்கொண்டு.

தலைவி ஸ்லைடை இழுத்துப் பார்த்தார். "கனமா இருக்கே?"

"உறுதி மேடம்," என்றார் மாப்பிள்ளை.

"இது நிக்குமா?"

"நிக்காது மேடம்," என்று மாமனார் முந்திக்கொண்டார். பிறகு மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நாதாங்கிப் பிரிவு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

எப்படியும் போகிற மானம், பேசிவிட்டாவது போகட்டும் என்று மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். காஸ், துளை, பிஸ்டன் எல்லாவற்றையும் விளக்கினார். "சில பேர் கதவுல கனத்தை ஏத்தி, முரட்டு ஸ்பிரிங்கைப் போட்டு, அதையும் துப்பாக்கின்னு சொல்லிக்கறாங்க மேடம்," என்று மூலையைப் பார்த்தார். "அது மூளை செய்யற வேலை இல்ல. இதுல அந்த பிஸ்டன்தான் மூளை."

"சுடலாமா?" என்றார் தலைவி.

சுட்டார்.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். மேசை மேல் காலிக் கூடு விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த வெடி. அடுத்த கூடு. வெடி, கூடு. வெடி, கூடு. ஒரு கண்ணைத் திறந்தார். ஸ்லைடு போய் வந்துகொண்டிருந்தது. அவசரமும் இல்லை, சோம்பலும் இல்லை. மேகஸின் தீர்ந்தது. தலைவி இன்னொன்றைச் செருகினார். அதுவும் தீர்ந்தது. தூங்கிய உறுப்பினர் விழித்து, சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வாயெடுத்து, தலைவியின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

தோட்டாப் பெட்டி காலியானது. துப்பாக்கி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மைத்துனன் கட்டிய கைகளை அவிழ்த்துவிட்டிருந்தான்.

"இந்த வகைத் துப்பாக்கி சுடச் சுடக் கொதிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் தலைவி. விசைக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தார். "இது பரவாயில்லையே."

"சிலிண்டர்ல கொஞ்சம் கைவேலை காட்டியிருக்கேன் மேடம்."

"குழலுக்குக் கீழ லேசாப் புகை வருதே, அது ஏன்?"

மாப்பிள்ளைக்கும் அது தெரியாது. இதற்கு முன் அங்கே புகை வந்ததில்லை. ஆனால் ஜெயித்த மனிதனுக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்க முடியுமா?

"அது மூச்சு மேடம். உள்ள கரி தங்காம துப்பாக்கி தானே வெளிய விடுது. இதுவரைக்கும் யாரும் இப்படிச் செஞ்சதில்லை."

"அப்படியா," என்று தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை முதல் தடவையாகப் பார்த்தார். "இருபது வருஷமா துப்பாக்கி வாங்கறேன். வாயால சுடறவங்கதான் அதிகம். உங்களோடது நிஜமாவே சுடுது."

மாமனாரின் முகம் மாறிய வேகத்தை எந்த ஸ்பிரிங்காலும் அடக்கியிருக்க முடியாது. மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார். கல்யாண போட்டோவுக்குப் பிறகு அந்தக் கை அங்கே வருவது இதுதான் முதல் தடவை.

"மேடம், என் மாப்பிள்ளைன்னு சொல்லல. இவர் மூளையே மூளை. நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்."

"எப்போ சொன்னீங்க?" என்றான் மைத்துனன்.

"நீ பேசாதடா. நாளையிலேர்ந்து நீ இவர்கிட்ட வந்து கொஞ்சம் கத்துக்கோ. பூட்டு தானா ஓடும்."

எல்லாரும் மாமனாரின் அறைக்குப் போனார்கள். தேநீர் வந்தது. கோப்பையில் கூடு எதுவும் விழவில்லை. தலைவி ஒப்பந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"ஒரே ஒரு நிபந்தனை. இன்னைக்கு நான் சுட்டது எப்படி இருந்துச்சோ, நாங்க வாங்கப் போற ஆயிரமும் அப்படியே இருக்கணும். ஒரு ஆணி கூடக் கூடாது, குறையக் கூடாது. பெட்டியிலேர்ந்து ஒண்ணை எடுத்துப் பிரிச்சுப் பார்ப்போம். வேற மாதிரி இருந்தா மொத்தத்தையும் திருப்பிடுவோம்."

"எழுதிக்குங்க மேடம்," என்றார் மாப்பிள்ளை. கால் மேல் கால் போட்டிருந்தார். கழுத்தில் தொங்கிய நூல்கூட இப்போது ஒரு பதக்கத்தின் கயிறு போல இருந்தது. "அந்தத் துப்பாக்கியில இருக்கற ஒவ்வொரு பாகமும் என் கையால தொட்டது. குறிப்பா பிஸ்டன். அதை ஒரு மனுஷனைத் தொடவிட்டதில்லை. வேணும்னா எங்க ஃபிட்டரைக் கேளுங்க."

வாசலில் தட்டோடு நின்ற ஃபிட்டர் தலையாட்டினார். "உண்மைதான் மேடம். நான் அது பக்கமே போகல."

மாப்பிள்ளை மைத்துனன் பக்கம் திரும்பினார். இந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தார். "மச்சான், அந்த நாதாங்கிப் பூட்டு ஒண்ணைக் குடு. நினைவா வெச்சுக்கறேன். உன் ஸ்பிரிங்கை ஒப்பீடு முடிஞ்சதும் திருப்பித் தர்றேன். கதவுக்குப் போட்டுக்க."

மைத்துனன் மேசைப் பக்கம் குனிந்திருந்தான். அவன் அங்கே வைத்திருந்த துப்பாக்கியின் முன்பக்கத்தை, குழலுக்குக் கீழே இருந்த அந்தக் கருப்பு ஓட்டையை, ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமனாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மகளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று போனை எடுத்தார். குழுவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்தார். "அம்மாடி, உன் புருஷன் ஜெயிச்சுட்டாரும்மா. ஒரு பெட்டித் தோட்டா, ஒரு தடவை நிக்கல. மேடம் கையெழுத்துப் போடறாங்க. அந்த பிஸ்டனை என்னமாப் புகழறாங்க தெரியுமா."

மறுமுனையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"நல்லதுப்பா. ஆனா அவர்கிட்ட சொல்லுங்க, அவ்வளவு புகழற பிஸ்டனை இன்னைக்காவது வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நேத்து சாயங்காலம் ஊறப்போட்டது, இன்னும் என் டம்ளர்லயேதான் கெடக்கு."